நாலு நல்ல வார்த்தைக்கு முன்னால் ஒரு மதிப்பெண்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு இரண்டு ஆண்டுகளாக டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வுக்குப் படித்துவரும் மகனை அழைத்து வருவதாகவும், நான் அவருக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லி ஊக்கப்படுத்த வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக அழைத்து வாருங்கள். ஆனால் அந்த நாலு வார்த்தையில் எனக்கு நம்பிக்கை குறைவு. அத்தகைய வார்த்தைகள் தம்பியின் கைப்பேசியிலேயே மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். தேறியவர்களின் பேட்டிகளைக் கேட்டுக் கேட்டே சலித்திருப்பார்.

வரும்போது ஒன்று மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பணிகளுக்கான குரூப் 4 தேர்வின் 2025 வினாத்தாளை முன்னால் வைத்து, கடிகாரம் பார்த்து மூன்று மணி நேரம், விடை வட்டங்களைக் கருக்கும் ஓஎம்ஆர் தாளில் எழுதி, தேர்வாணையம் வெளியிட்ட விடைக்குறிப்போடு சரிபார்த்த மதிப்பெண். "எல்லாப் பாடத்தையும் முடித்துவிட்டு எழுதுகிறேன்" என்பார். அந்தப் பதிலைத்தான் நான் எதிர்பார்க்கிறேன். முடிக்க முடியாத பாடத்திட்டம் அது. மதிப்பெண்ணைச் சந்திக்கப் பயப்படுகிறவர்கள் சொல்லும் மரியாதையான காரணமும் அதுவே.

குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண். அதில் 100 வினாக்கள் தமிழ். தமிழில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பொறியியல் படித்த பிள்ளைகள் பலர் பிளஸ் டூவோடு தமிழை மூட்டை கட்டியவர்கள். அரசியலமைப்பை மூன்றாவது முறையாக அடிக்கோடிட்டு வாசிப்பார்கள். பள்ளித் தமிழ்ப் புத்தகத்தைத் தொட மாட்டார்கள். தெரிந்ததையே திரும்பப் படிப்பது சுகமாக இருக்கும், நாளும் போய்விடும். விடை தெரியாத கேள்விக்குக்கூட ஓஎம்ஆரில் 'E' என்ற வட்டத்தைக் கருக்க வேண்டும். வீட்டில் ஒரு தடவையாவது பழகியவருக்குத்தான் அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரியும்.

எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரண்டு உளவியலாளர்கள் இலக்கைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். 'முடிந்தவரை முயற்சி செய்' என்று சொல்லப்பட்டவர்களைவிட, இன்னது, இவ்வளவு என்று திட்டமாகவும் சற்றுக் கடினமாகவும் இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் கூடுதலாகச் சாதிப்பதைக் கண்டார்கள். ஆனால் இரண்டு நிபந்தனைகள்: அந்த இலக்கை அவரே மனதார ஏற்றிருக்க வேண்டும், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது அவ்வப்போது தெரிய வேண்டும். 'அரசு வேலை வாங்க வேண்டும்' என்பதில் இரண்டாவது நிபந்தனைக்கு இடமே இல்லை. 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244, எழுதியவர்கள் 15 லட்சத்துக்கும் மேல். 2025இல் முதல் அறிவிப்பு 3,935 இடங்கள்தான். இடங்களின் எண்ணிக்கை தம்பியின் கையில் இல்லை. இந்த மாதம் தமிழில் 70 வினாக்கள் சரியென்றால் அடுத்த மாதம் 80 என்பது அவர் கையில் இருக்கிறது. ஞாயிறுதோறும் ஒரு தாள், மதிப்பெண்ணை நாட்காட்டியில் எழுதி வைத்தல். அவ்வளவு போதும். கலர் ஸ்கெட்ச் பேனாவில் எழுதிச் சுவரில் ஒட்டிய கால அட்டவணையைக் கிழித்துவிடலாம்.

முதல் நிபந்தனை உங்களைப் பற்றியது, கோபித்துக்கொள்ளாதீர்கள். கடிதத்தில் 'எங்கள் ஆசை' என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அவர் என்ன விரும்புகிறார் என்று ஓரிடத்திலும் இல்லை. கால் காசு என்றாலும் கவர்மென்ட் காசு என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறோம். அப்பாவுக்காகப் படிக்கிறவர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவார். கூப்பிட்டால் உடனே எழுந்து வருவார். அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துத் திட்டினால் கதவைச் சாத்திக்கொள்வார்.

இன்னொன்றைத் தயங்காமல் பேசிவிடுங்கள்: எப்போது நிறுத்துவது? அடுத்த குரூப் 4 தேர்வு வரை முழுநேரப் படிப்பு, அதற்குப் பின் வேலையில் சேர்ந்துகொண்டே படிப்பு என்று தேதியோடு இப்போதே முடிவு செய்யுங்கள். தோற்ற மறுநாள் முடிவெடுத்தால் அழுகையும் வீம்பும்தான் மிஞ்சும். முடிவுத் தேதி வைத்தால் பையன் மனம் தளர்ந்துவிடுவான் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை அதற்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது. எல்லையில்லாத அவகாசம்தான் ஆளைப் படுக்க வைக்கிறது.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் கட்டணமில்லாமல் வகுப்பு நடத்துகிறார்கள். முதலில் அங்கே விசாரியுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் தமிழ், ஆங்கிலத் தட்டச்சு பழகித் தேர்வு எழுதட்டும். குரூப் 4இல் தட்டச்சர் பணிக்குத் தகுதியானவர்கள் குறைவு என்பதால், அதன் கட்-ஆஃப் (இடம் கிடைக்கத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண்) பெரும்பாலும் இளநிலை உதவியாளரைவிடக் கீழே நிற்கும்.

சனிக்கிழமை காலை வாருங்கள். முதல் அரை மணி நேரம் தம்பியோடு தனியாகப் பேசுவேன். அதுவரை நீங்கள் வெளியே அமர்ந்திருக்க வேண்டியிருக்கும். மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் தாளை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். எழுதவே இல்லையென்றாலும் வரட்டும், இங்கேயே உட்கார்ந்து எழுதலாம். மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள்.