தண்ணீர் பீய்ச்சுவது யார்?

கேள்வி: மதுரைச் சித்திரைத் திருவிழா பற்றி ஒரு கட்டுரை எழுதி அனுப்பினேன். ‘தகவல் இருக்கிறது, படிக்க ஓடவில்லை’ என்று திரும்பி வந்துவிட்டது. எங்கே திருத்துவது?
– வாசகி, மேலூர்

பதில்: தகவலில் குறையே இல்லை. அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை, தல்லாகுளம், வைகை எல்லாம் முறையாக இருக்கின்றன. சிக்கல் வாக்கியத்தில். நீங்கள் எழுதிய ஒன்று: ‘உலகப் புகழ்பெற்ற இத்திருவிழாவில் அழகரை வரவேற்கும் விதமாகத் தோல்பைகளில் நிரப்பப்பட்ட தண்ணீரானது பக்தர்களால் பீய்ச்சி அடிக்கப்பட்டு வருகிறது.’

தமிழில் வினை கடைசியில்தான் வரும். அதுவரை சொன்னதையெல்லாம் வாசகர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். இங்கே பீய்ச்சுகிற ஆளோ வாக்கியம் முடியப்போகும் நேரத்தில், ‘பக்தர்களால்’ என்று கொல்லை வழியாக நுழைகிறார். அவரை எழுவாயாக்குங்கள். ‘ஆனது’, ‘விதமாக’, ‘வருகிறது’ மூன்றும் தாமாக உதிரும்: ‘அழகர் வேடமிட்டவர்கள் ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பி, அதன் வாயில் பொருத்திய சிறு குழாயால் பீய்ச்சுகிறார்கள்.’ ‘உலகப் புகழ்பெற்ற’ என்பதையும் அடித்துவிடலாம். மேலூர்க்காரருக்கு அது தெரியும். வெளியூர்க்காரருக்குப் புதிது அந்தக் குழாய்தான்.

அடுத்து எச்சங்கள், அதாவது ‘வந்து’, ‘போய்’ போல முடியாமல் நிற்கும் வினைகள். ‘கோரிப்பாளையத்தில் இறங்கி, ஆற்றுப்பக்கம் நடந்து, கூட்டம் அலைமோதியது’ என்கிறீர்கள். பஸ்ஸில் வந்தது கூட்டமா, நீங்களா? ‘இறங்கி, நடந்து’ என்று தொடுத்தால் முடிக்கிற வினையும் அதே ஆளுடையதாக இருக்க வேண்டும். ஆள் மாறும் இடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள். எச்சம் மூன்றைத் தாண்டினாலும் அப்படியே. வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு முட்டுகிற இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் வாக்கியத்தை உடைக்க வேண்டியிருக்கும்.

நீர்மோர்ப் பந்தல்காரர் பேசும் பகுதி நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அடுத்த பத்தியில் நீங்களே ‘வந்தாய்ங்க’ என்று எழுதிவிட்டீர்கள். பேசுவது அவரா நீங்களா என்று குழம்புகிறது. வட்டாரப் பேச்சு மேற்கோளுக்குள் இருக்கட்டும். அங்கேயும் ஒவ்வொரு சொல்லையும் உச்சரிப்புப்படி எழுத வேண்டியதில்லை. ‘அங்கிட்டுப் போகாதீங்க, மிதிச்சிருவாய்ங்க.’ இவ்வளவு போதும், மதுரை கேட்டுவிடும்.

இரு சொல்லுக்கு நடுவே வரும் க், ச், த், ப் என்ற ஒற்று மிகுகிறதா என்பதைக் கடைசியில் பாருங்கள். வாக்கியம் மாறினால் அதுவும் மாறும். ‘படித்துக் கொடுத்தார்’ போல வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின், அதாவது ‘த்து’, ‘ட்டு’ போல வல்லின மெய்யை அடுத்த உகரத்தில் முடியும் சொல்லுக்குப் பின், மிகும். ‘வந்து போனார்’, ‘செய்து கொடுத்தார்’ இவற்றில் மிகாது. உங்கள் பிரதியில் ‘வந்துப் போனார்’ நான்கு இடத்தில் இருக்கிறது.