நாட்டுக்கென்று கணக்கியல் விதி இருக்கும்போது, சர்வதேச விதிகளையும் ஏன் படிக்க வேண்டும்?

ஒரு நிறுவனம் தன் வரவு, செலவு, சொத்து, கடனை எப்போது, எந்த மதிப்பில் கணக்கில் காட்ட வேண்டும் என்று சொல்லும் விதிகள்தான் கணக்கியல் தரநிலைகள். தேசியத் தரநிலைகள் அந்தந்த நாட்டின் சட்டத்தையும் வரி முறையையும் ஒட்டி வளர்ந்தவை. சர்வதேசத் தரநிலைகளான ஐஎஃப்ஆர்எஸ்-ஐ, லண்டனில் உள்ள ஐஏஎஸ்பி என்ற வாரியம் 2001 முதல் வகுத்து வருகிறது.

சரி, இரண்டும் எதற்கு? ஒரே ஆளைச் செருப்போடு அளந்தால் ஓர் உயரம், வெறுங்காலோடு அளந்தால் வேறு உயரம். ஆள் அதே ஆள்தான். கணக்கும் அப்படித்தான்: விதி மாறினால் அதே நிறுவனத்தின் லாபமும் மாறும், எந்த விதியில் அளந்தது என்று தெரிந்தால்தான் எண் புரியும். 1993-ல் ஜெர்மன் கார் நிறுவனமான டைம்லர்-பென்ஸ் நியூயார்க் பங்குச்சந்தைக்குப் போனபோது இதுதான் நடந்தது. அந்த ஆண்டுக்கு ஜெர்மன் விதிப்படி சுமார் 61 கோடி மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) லாபம். அமெரிக்க விதிப்படி 180 கோடிக்கும் மேல் நஷ்டம்! நல்ல காலத்தில் ஒதுக்கி வைத்ததை மோசமான காலத்தில் எடுத்து லாபத்தில் சேர்க்க ஜெர்மன் விதிகள் தாராளமாக இடம் கொடுத்தன. அமெரிக்க விதிகள் அவ்வளவு விடவில்லை.

படிக்கும்போது தலைப்பு வாரியாக தேசிய, சர்வதேச விதிகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சரக்கிருப்பையே எடுங்கள்: கடைசியாக வாங்கியது முதலில் விற்றதாகக் கொள்ளும் முறையை அமெரிக்க விதி ஏற்கிறது, ஐஎஃப்ஆர்எஸ் ஏற்பதில்லை.

அப்புறம், ஐஎஃப்ஆர்எஸ் உலகச் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை; ஒரு நாடு ஏற்றுக்கொண்டால்தான் அது அங்கே செல்லும்.