அம்மப்பாவின் ஒமேகா: கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

என் அம்மப்பா 1943இல் பலாலி விமானத்தளத்தில் ஸ்டோர் கிளாக்கராக இருந்தவர். பிறகு கனகாலம் சிங்கப்பூரில் வேலை செய்து, 1969இல் ஊர் திரும்பினார். அவரிடம் ஒரு ஒமேகா கைமணிக்கூடு இருந்தது. பலாலியில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்தது என்பார். கறுப்பு டயலில் அம்புக்குறியும் வட்டத்துக்குள் 'டி' எழுத்தும் இருக்கின்றன. பின்மூடியில் மூன்று 'டபிள்யூ', 'வை' எழுத்தோடு ஓர் எண், அதோடு இன்னொரு எண். கொழும்பிலிருந்து வந்த ஒருவர், டி போட்ட டயல் யுத்தகாலத்ததல்ல, இது போலி என்று சொல்லி மலிவாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

ஒரு வாசகி, கொக்குவில்

அன்புள்ள தங்கச்சி,

கொடுக்க வேண்டாம். டி பற்றி அவர் சொன்னது சரி. அதை வைத்துப் போலி என்றதுதான் பிழை.

பிரித்தானியப் படைக்காகப் பன்னிரண்டு சுவிஸ் கம்பனிகள் ஒரே அளவுகோலுக்குச் செய்து 1945இல் கொடுத்த மணிக்கூடுகளில்தான் அந்த மூன்று டபிள்யூ வரும். வை எழுத்து ஒமேகாவுக்குரியது. அம்புக்குறி அரசின் உடைமை என்பதற்கான அடையாளம். முதலில் வந்த டயல்களில், இருட்டில் ஒளிர, ரேடியம் என்ற கதிர்வீச்சுப் பொருளைப் பூசியிருந்தார்கள். அதன் ஆபத்து தெரிந்த பிறகு, படையில் மிஞ்சியிருந்தவற்றைத் திருத்தும்போது பல டயல்களைக் கழற்றிவிட்டு, ஆபத்துக் குறைந்த டிரிட்டியம் பூசிய டயல்களைப் பொருத்தினார்கள். வட்டத்துக்குள் இருக்கும் டி அதற்கான குறி. ஆக, அந்த டி படையின் திருத்துமிடத்தைக் காட்டலாம். போலியைக் காட்டாது.

நான் டயலை விடப் பின்மூடியைத்தான் நம்புவேன். நல்ல லென்ஸ் ஒன்றால் பாருங்கள். பழைய கீறல்கள் எழுத்துகளின் மேலாக ஓடிக் கடக்கின்றனவா? அப்படியானால் எழுத்து முந்தியது. மினுக்கிய உலோகத்தில் எழுத்து மட்டும் கூர்மையாக நின்றால் சந்தேகப்படுங்கள். பிறகு, கைபழகிய ஒருவரிடம் உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். உள்ளே செம்பு நிறத்தில், உராய்வைக் குறைக்கும் 15 சிறு கற்கள் பதித்த மெஷின் இருக்க வேண்டும். அதன் பெயர் 30டி2, 30 என்பது அதன் மில்லிமீற்றர் விட்டம். மெஷினின் எண் ஒரு கோடியைச் சற்றே தாண்டியிருந்தால் 1944ஐ ஒட்டிய காலம். அங்கே வேறு மெஷின் இருந்தால் நான் மேலே சொன்னதெல்லாம் வீண்.

வீட்டில் மட்டும் திறக்காதீர்கள். முட்களில் பழைய ரேடியம் இன்னும் இருக்கக்கூடும். அது ஒளிராவிட்டாலும் செத்துப் போனதல்ல. அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே சுமார் 1600 வருடம் செல்லும். உதிரும் தூள் மூச்சோடு உள்ளே போகக்கூடாது. மினுக்கவும் கொடுக்காதீர்கள். என் தகப்பனாரின் மணிக்கூட்டை ஒரு கடையில் 'புதுசாக்கி' அம்புக்குறியையே தேய்த்து அழித்துவிட்டார்கள். அந்த வெறும் மூடியை இன்றைக்கும் பார்க்க முடியவில்லை.

இன்னொன்றை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் மறைக்க மனமில்லை. 1945இல் வந்த மணிக்கூட்டை 1943இல் யாரும் கழற்றிக் கொடுத்திருக்க முடியாது. அம்மப்பா பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பலாலியில் ஒன்று கிடைத்து, அது தொலைந்து, அதன் இடத்தில் இது வந்திருக்கலாம். இரண்டின் கதையும் வீட்டில் ஒன்றாகக் கலந்திருக்கலாம். டயலைப் படைக்கு வெளியே யாராவது பிற்பாடு மாற்றவில்லையென்றால், இது டிரிட்டியம் டயல்கள் வந்த அறுபதுகளில் இன்னும் படையின் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் பிரித்தானியப் படை சிங்கப்பூரில் இருந்தது. உங்கள் அம்மப்பாவும் அங்கேதான் இருந்திருக்கிறார்.

அவருடைய சிங்கப்பூர் நாட்களின் படங்கள் வீட்டில் இருந்தால் அவருடைய இடது மணிக்கட்டைப் பாருங்கள். அம்மாவிடமும் ஒருக்கால் கேளுங்கள்: சின்ன வயதில், 1969க்கு முதல், அந்த மணிக்கூட்டை வீட்டில் கண்ட ஞாபகம் இருக்கிறதா?