சம்பளத்தில் கோர்ட் பிடித்தம்: வரி குறையுமா, மஞ்சள் கடுதாசி காப்பாற்றுமா?

மும்பை சயானிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மாதச் சம்பளம் 1,21,000 ரூபாய். தனிநபர் கடன் வழக்கில் 14 லட்சத்துக்கு டிக்ரி (பணத்தைக் கட்டச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பாணை) ஆகி, ஆறு மாதமாக அலுவலகமே 40,000 ரூபாயைப் பிடித்து நீதிமன்றத்தில் கட்டுகிறது. அந்தப் பிடித்தம் போக ஆண்டுக்கு எனக்கு மிஞ்சுவது 9,72,000 ரூபாய்தான். 12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே, பிறகு ஏன் டி.டி.எஸ். (சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி)? ஐ.பி. (மஞ்சள் கடுதாசி எனப்படும் திவால் மனு) கொடுத்தால் கோர்ட் பிடித்தம் நிற்குமா?"

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 'கோர்ட் ரெக்கவரி' என்ற வரி கழிவுகளின் பக்கத்தில் இருக்கும். வருமானப் பக்கத்தில் 1,21,000 ரூபாய் முழுதாக நிற்கும். வருமான வரிச் சட்டம் பார்ப்பது அந்த வருமானப் பக்கத்தைத்தான். மும்பையைச் சேர்ந்த சீதல்தாஸ் தீரத்தாஸ் என்பவர், நீதிமன்ற ஆணைப்படி மனைவி மக்களுக்குக் கொடுத்த ஜீவனாம்சத்தைத் தம் வருமானத்திலிருந்து கழிக்கக் கோரியபோது, உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பணம் ஒருவருடைய வருமானமாக ஆவதற்கு முன்பே இன்னொருவருக்குச் சட்டப்படி உரியதாகிவிட்டால் மட்டுமே அது கழியும் என்றும், தம் வருமானத்தைக் கொண்டு கடமையைத் தீர்ப்பது அதைச் செலவிடுவதே என்றும் அது வகுத்த கோடு உங்களுக்கும் பொருந்தும். உங்கள் கடனை உங்கள் சம்பளம் அடைக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே 2025-26 நிதியாண்டில், புதிய வரி முறைப்படி, 14,52,000 ரூபாயிலிருந்து நிலையான கழிவு 75,000 போக 13,77,000 ரூபாய்க்கு, செஸ் சேர்த்து, 90,012 ரூபாய் வரி வருகிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 7,500. கணக்கில் 9,72,000 ரூபாய் என்று காட்டி ரிட்டர்ன் போட்டுவிடாதீர்கள். அலுவலகம் தரும் வரிச் சான்றான ஃபார்ம் 16-உடன் அது ஒத்துப்போகாமல் நோட்டீஸ் வரும்.

வேதனை எங்கே என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு மொத்தச் சம்பளத்தை வைத்தே கணக்கிடுகிறது. முதல் 1,000 ரூபாயும், எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. உங்களுக்கு அது 81,000 ரூபாய். ஆனால் வரியும், பி.எஃப்.-உம், தொழில் வரி 200 ரூபாயும் அந்த 81,000-லிருந்துதான் போக வேண்டும். வீட்டு வாடகைக்கு நீங்கள் படும் பாடு எனக்குப் புரிகிறது.

இனி ஐ.பி. விஷயம். 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, 2019 டிசம்பர் 1 முதல், நிறுவனங்களின் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்திருக்கிறது. மும்பையில் உங்களைப் போன்றவருக்கு இன்றும் 1909-ஆம் ஆண்டுத் திவால் சட்டம்தான். மனு உயர் நீதிமன்றத்தில் போகும். திவாலானவர் என்று அறிவிக்கப்பட்ட பிறகு, கடன் கொடுத்தவர் நீதிமன்ற அனுமதியின்றி உங்கள் சொத்தின் மீது கைவைக்க முடியாது. ஆனால் அதே சட்டத்தின்படி, சம்பளத்தில் ஒரு பகுதியை அஃபிஷியல் அசைனியிடம் (திவாலானவரின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரியிடம்) கட்டுமாறு நீதிமன்றம் உத்தரவிடலாம். பிடித்தம் நிற்பதற்குப் பதிலாக, போய்ச் சேரும் இடம் மட்டும் மாறக்கூடும். திவால் நிலையிலிருந்து விடுவிக்கும் ஆணை கிடைத்தாலும் வரி பாக்கி உட்பட அரசுக்குத் தர வேண்டியது எதுவும் தீராது; ஜீவனாம்சமும் அப்படியே.

பல டிக்ரிகள் நெருக்குபவருக்கு மஞ்சள் கடுதாசி ஒரு வழியாக இருக்கலாம். ஒரே டிக்ரி உள்ள உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். காரணம், அதே 60-ஆம் பிரிவில் பலர் கவனிக்காத ஒரு வரம்பு: ஒரே டிக்ரிக்காகச் சம்பளத்தை மொத்தம் 24 மாதங்கள்தான் ஜப்தி செய்யலாம்; அதன் பிறகு அந்த டிக்ரிக்காக அதை மீண்டும் தொடவே முடியாது. உங்களுக்கு ஆறு மாதம் கழிந்துவிட்டது, மீதி 18. மொத்தம் 9,60,000 ரூபாய் போகும். எஞ்சிய கடன் மறைந்துவிடாது, உங்கள் பிற சொத்துகள் மீது டிக்ரியை நிறைவேற்றக் கேட்கலாம். ஆயினும் பேரம் பேச உங்களுக்கு அது பலமே. வங்கியுடன் செட்டில்மென்ட் செய்தால், பணம் கட்டியதை டிக்ரி நிறைவேற்றும் நீதிமன்றத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். வெளியே கட்டிப் பதிவு செய்யாத பணத்தை அந்த நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது.