ஊரடங்கில் ஒரு வாளி பீர்: வாசகர் கேள்வி–பதில்

வீட்டில் பீர் காய்ச்சுவேன் என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றித்தான். பல வருடம் வேதியியல் ஆசிரியையாக இருந்தவள் என்பதால் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு உட்கார்ந்து பதில் எழுதினேன்.

தொடங்கும் முன் ஒன்று. வீட்டில் பீர் தயாரிப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் 1963-இல்தான் அதற்கான உரிமக் கட்டுப்பாடு நீங்கியது. அமெரிக்காவில் 1978-இல் அன்றைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. வேறு பல இடங்களில் இன்றும் தடை இருக்கிறது. நீங்கள் வாழும் இடத்துச் சட்டத்தைத் தெரிந்துகொண்ட பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள்.

கேள்வி: வேலை போய்விட்டது. தனியாக இருக்கிறேன். இன்று என்ன கிழமை என்பதே மறந்துபோகிறது. பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டால் மனது கொஞ்சம் தேறுமா? குடிப்பதில் எனக்குப் பெரிய ஆசை கிடையாது.

தேறும் என்று நம்புகிறேன். கடைசி வரியை நீங்கள் எழுதியிருப்பதால்தான் தயங்காமல் சொல்கிறேன்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்த பிறகு வந்த வாரங்களில், என்னை மிகவும் வாட்டியது நாட்களுக்கு அடையாளமே இல்லாமல் போனதுதான். நேற்றும் இன்றும் ஒன்றுபோல இருந்தால் நாளைக்காக எழுந்திருக்கத் தோன்றாது. வாளியில் ஈஸ்ட் போட்டுவிட்டால் மறுநாள் காலை போய்ப் பார்க்க ஒன்று இருக்கிறது. முதல் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள் முழுக்க, எதுவும் நடக்காததுபோல் இருக்கும். அப்புறம் மேலே பழுப்பும் வெண்மையுமாக நுரை ஏறும். மூடியில் பொருத்திய ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத சிறு அடைப்பான்) குமிழிட ஆரம்பிக்கும். மூன்று நான்கு நாளில் நுரை இறங்கும், ஈஸ்ட் அடியில் படியும், கலங்கல் மெல்லத் தெளியும். புட்டியில் அடைத்த பிறகு இன்னும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். இதில் எதையும் நம் அவசரத்துக்கு இழுக்க முடியாது. அந்தக் காத்திருப்பு எனக்கு இதமாக இருந்தது. செய்தியைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

சிறிய அளவில் தொடங்குங்கள், ஐந்து லிட்டர் போதும். வீட்டில் இருக்கிற பெரிய பாத்திரமே அதற்குப் போதும், தோற்றாலும் பெரிய இழப்பு இல்லை. லிட்டருக்கு சுமார் 120 கிராம் மால்ட் பொடி (முளைகட்டிய பார்லிச் சாற்றை உலர்த்திய பொடி), கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, ஒரு மணி நேரக் கொதி. ஹாப்ஸின் கசப்பு முழுதாக இறங்க அந்த ஒரு மணி நேரம் தேவை, கடைசி ஐந்து நிமிடத்தில் போடுவது மணத்துக்கு. கொதி வரும்போது நுரை பொங்கி வழியும் என்பதால் அந்த நேரத்தில் அடுப்பை விட்டு நகராதீர்கள். பிறகு பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் இறக்கி, இருபது டிகிரி அளவுக்கு ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்க வேண்டும். வீட்டில் சுலபமாகச் செய்யும் ஏல் வகை பீருக்கான ஈஸ்டில் பெரும்பாலானவற்றுக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் நல்லது.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, வெப்பநிலை, நுரை எப்படி இருந்தது, என்ன வாசனை என்று தினம் ஒரு வரி எழுதினால் போதும். கிழமை மறக்காமல் இருக்க அது நிச்சயம் உதவும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தனியாகக் காய்ச்சலாம், ஆனால் யாரிடமாவது அதைப் பற்றிப் பேசுங்கள். நானும் என்னோடு வேலை பார்த்த தோழியும் சனிக்கிழமை மாலைகளில் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அவரவர் சமையலறையில் புட்டியில் அடைப்போம். பாதி நேரம் பேச்சே இருக்காது, தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும். அதுவும் துணைதான். வாரக்கணக்கில் தூக்கம் வராமல், எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனால் பீர் காய்ச்சுவதை மருந்தாக எண்ணி இருந்துவிடாதீர்கள். தொலைபேசியிலாவது மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: கடையில் ஈஸ்டே இல்லை. ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் ஒரு பாக்கெட் இருக்கிறது. அதைப் போடலாமா?

போடலாம். ரொட்டி ஈஸ்டும் ஏல் ஈஸ்டும் ஒரே இனம், சாக்கரோமைசிஸ் செரிவிசியே. சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தருவதில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ரொட்டி ஈஸ்ட் வேகமாக வாயு உண்டாக்குவதற்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்தது. அடியில் கெட்டியாகப் படியாது, பீர் கலங்கலாக நிற்கும், சுவையும் சற்று முரடாக இருக்கும். 2020 ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் ரொட்டி சுடக் கிளம்பிவிட்டதால் அந்தப் பாக்கெட்டுக்கும் தட்டுப்பாடு வந்தது. உங்கள் வீட்டில் ரொட்டிக்குத் தேவை இருந்தால் அதை அதற்கே விட்டுவிடுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஏற்கெனவே காய்ச்சுகிற யாரையாவது கேளுங்கள். பீரைப் புட்டியில் அடைத்த பிறகு வாளியின் அடியில் கூழ்போல ஈஸ்ட் மிஞ்சும். அதைக் கொதிநீரில் சுத்தம் செய்த கண்ணாடிச் சாடியில் எடுத்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் அடுத்த முறைக்குப் பயன்படுத்தலாம். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு இன்னும் உண்டாகும். ஐந்து லிட்டருக்குச் சில மேசைக்கரண்டியே போதும். என் ஈஸ்ட் இப்படித்தான் சாடிசாடியாக மற்றவர் வீட்டு வாசலுக்குப் போனது. வைத்துவிட்டு, அழைப்பு மணியை அடித்துவிட்டு, தள்ளி நின்று கையசைத்துவிட்டு வருவேன்.

இதற்கு அழகான முன்னோடி உண்டு. 1883-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்டைப் பிரித்து வளர்த்தார். அதுவரை ஒரு முறை நன்றாக வந்த பீர் அடுத்த முறை ஏன் கெட்டது என்று பிடிபடாமல் திண்டாடினார்கள். அந்தத் தூய ஈஸ்டைப் பூட்டி வைக்காமல் மற்ற மது ஆலைகளுக்கும் கொடுத்தார்கள். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

உங்கள் அறை வெயிலில் முப்பது டிகிரிக்கு மேல் போகிறதென்றால், நார்வே பண்ணை வீடுகளில் தலைமுறைகளாகக் காத்துவந்த க்வெய்க் வகை ஈஸ்ட் கிடைக்குமா என்று பாருங்கள். மற்ற ஈஸ்டுகள் கெட்ட வாடை விடும் வெப்பத்தில் அது நிம்மதியாக வேலை செய்யும்.

கேள்வி: ஐந்தாம் நாளே ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது. புட்டியில் அடைக்கலாமா?

வேண்டாம், பொறுங்கள். குமிழி நின்றது நொதித்தல் முடிந்ததற்குச் சாட்சி இல்லை. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு ஓரத்தில் கசிந்து போய்விடும், அறை குளிர்ந்தால் ஈஸ்ட் மந்தமாகும்.

ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள். காய்ச்சுபவர் கையில் இருக்க வேண்டிய முதல் கருவி அதுதான். காய்ச்சிய மால்ட் சாறு தண்ணீரைவிட எவ்வளவு அடர்த்தி என்று அது காட்டும். நான் மேலே சொன்ன அளவில் தொடக்கத்தில் 1.044 அளவு வரும், முடிவில் 1.010 பக்கம் நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம், இங்கே ஏறக்குறைய 4.5. ஒரு நாள் அளந்து, இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி அளந்து, எண் அசையாமல் இருந்தால் முடிந்தது என்று அர்த்தம்.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மிச்சச் சர்க்கரையோடு அடைத்த கண்ணாடிப் புட்டி வெடிக்கும், சில்லுகள் கண்ணுக்குப் போகும். அப்படி ஒரு காயத்தோடு யாரும் மருத்துவமனையில் போய் நிற்க வேண்டாம். புட்டியில் அடைக்கும்போது நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரையைக் கைக்கணக்கில் போடாமல் எடை போட்டுச் சேருங்கள்: லிட்டருக்கு 6 முதல் 7 கிராம், ஐந்து லிட்டருக்கு 30 முதல் 35 கிராம். பீருக்கென்றே செய்த தடித்த புட்டிகளையே பயன்படுத்துங்கள். கூடவே ஒரு சோடா பிளாஸ்டிக் புட்டியிலும் அடையுங்கள். அது கல்லுபோல விறைத்தால் மற்ற புட்டிகளிலும் வாயு ஏறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம், உடனே குளிரில் எடுத்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: பாத்திரங்களைச் சுத்தம் செய்ய பிளீச்சோடு வினிகர் சேர்த்தால் கிருமி நன்றாகச் சாகும் என்கிறார்களே?

சேர்க்கவே சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும், மூடிய சமையலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும். முதலில் அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவுங்கள், பிறகு கிருமிநீக்கம் செய்யுங்கள். உலோகப் பாத்திரத்துக்குக் கொதிநீரே போதும், பிளாஸ்டிக் வாளிக்கு மது காய்ச்சுபவர்களுக்கென விற்கும் கிருமிநீக்கி நல்லது. கையில் தடவும் சானிடைசர் ஜெல் இதற்கு ஆகாது.

கேள்வி: பீரைக் காய்ச்சி வடித்தால் ஸ்பிரிட் கிடைக்குமே, கைகழுவவும் ஆகுமே?

இதற்கு நான் முறை சொல்ல மாட்டேன். ஆல்கஹால் ஆவி அடுப்புத் தீயில் சட்டென்று பற்றும். வீட்டில் காய்ச்சி வடிப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம், பீருக்கு அனுமதி உள்ள நாடுகளிலும்கூட. கைக்கான கிருமிநாசினியில் குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் வேண்டும், அதை வீட்டில் நம்பகமாக அளப்பது எளிதில்லை. சோப்பும் தண்ணீரும் இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

மதுவைக் குடித்தால் வைரஸ் சாகும் என்ற வதந்தியையும் நம்பாதீர்கள். ஈரானில் அதை நம்பி, மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் கலந்த சாராயத்தைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மால்டில் நொதித்த பீரில் மெத்தனால் மிக மிகச் சொற்பம், அந்தப் பயம் வேண்டாம். முன்பின் தெரியாத இடத்திலிருந்து வரும் ஸ்பிரிட்டில்தான் ஆபத்து இருக்கிறது.

கேள்வி: பொழுதுபோக்கு என்று என் கணவர் ஆரம்பித்தார். இப்போது ஒரு வாளி தீருமுன் அடுத்தது. மதியமே குடிக்கிறார். கேட்டால், "நானே செய்தது, வெளியில் வாங்கினேனா?" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

சகோதரி, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் எடுத்துப் படித்தேன், பதில் எழுத மட்டும் நாளாகிவிட்டது. வீட்டில் செய்தாலும் ஆல்கஹால் ஆல்கஹால்தான். சொல்லப்போனால் வீட்டில் செய்ததில் அளவு தெரியாமல் போக வாய்ப்பு அதிகம், சில சமயம் ஆறேழு சதவீதம்கூட வந்துவிடும். குடித்ததும் இறுக்கம் தளர்வதுபோல் இருக்கும். ஆனால் பின்னிரவில் தூக்கம் கலையும், மறுநாள் பதற்றம் கூடும், அதைத் தணிக்க மீண்டும் குடிக்கத் தோன்றும். அடைந்து கிடக்கிற காலத்தில் இந்தச் சுழல் மிக வேகமாக இறுகும்.

அவர் குடிக்காத ஒரு காலை நேரத்தில் பேசுங்கள். குற்றம் சாட்டுவதுபோல் தொடங்காமல், "பயமாக இருக்கிறது" என்று உங்கள் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள். காய்ச்சுவதில் அவருக்கு உண்மையான ஆர்வம் இருந்தால் ரொட்டி, தயிர், வினிகர் என்று அதே நுண்ணுயிர்களோடு செய்ய எத்தனையோ இருக்கின்றன. கைக்கு வேலையும் காத்திருப்பும் அவற்றிலும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனமாகப் பாருங்கள்: குடிக்காத நேரத்தில் கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா? அப்படியென்றால் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். நாள்பட அதிகம் குடித்தவர் சட்டென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரின் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும். அவர் உங்கள் மீது கை ஓங்கினால் ஊரடங்கு என்று பார்த்து உள்ளேயே இருக்காதீர்கள். நம்பிக்கையானவரிடமோ உதவி எண்ணிலோ உடனே சொல்லுங்கள்.

கேள்வி: கொரோனா வந்து தேறிவிட்டேன். வாசனை மட்டும் திரும்பவில்லை. நான் போட்ட பீர் வாளியில் இருக்கிறது, எனக்கு எதுவும் தெரியவில்லை. கொட்டிவிடவா?

கொட்டாதீர்கள். இனிப்பு, புளிப்பு, கசப்பு ஆகியவற்றை நாக்கு இன்னும் சொல்லும். பழமணம், மால்ட் மணம் எல்லாம் மூக்கின் வேலை, அதுதான் இப்போது ஓய்வில் இருக்கிறது. ஹைட்ரோமீட்டருக்கு மூக்கு தேவையில்லை, எண் நிலைத்தால் அடைத்துவிடுங்கள். கெட்டுவிட்டதா என்று வீட்டில் இன்னொருவரை முகரச் சொல்லுங்கள். அதுவரை அடுப்பருகே கூடுதல் கவனம் வேண்டும், வாயு கசிந்தாலோ தீய்ந்தாலோ உங்களுக்குத் தெரியாது.

வாசனைப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலையும் மாலையும் ஒவ்வொன்றாக இருபது விநாடி, அந்த மணத்தை நினைவில் கொண்டுவந்து முகர வேண்டும். பல வாரம் விடாமல் செய்ய வேண்டும். மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஒரு சிட்டிகை ஹாப்ஸையும் அந்த வரிசையில் வைத்துக்கொள்ளலாம் என்பது என் சொந்த யோசனை.

கேள்வி: நண்பர்களைப் பார்க்க முடிகிற நாள்வரை என் பீர் தாங்குமா?

ஹாப்ஸ் மணம் தூக்கலான வெளிர் பீர் என்றால் இரண்டு மூன்று மாதத்தில் மணம் மங்கிவிடும், அதை நீங்களே குடித்துவிடுங்கள். ஏழெட்டு சதவீத ஆல்கஹால் உள்ள ஸ்டௌட் என்ற கரும் பீர் ஒரு வருடம்கூட நிற்கும், பலமுறை சுவையும் கூடும். வெளிச்சம் படாத, குளிர்ந்த இடத்தில் நேராக நிறுத்துங்கள். புட்டிமேல் அடைத்த தேதியை எழுதி ஒட்ட மறக்காதீர்கள்.