காப்பகத்தில் படம் கலங்காமல் இருக்க ட்ரைபாட் வேண்டுமா?

கேள்வி: மலையகத் தமிழர் வரலாற்றில் ஆய்வு செய்கிறேன். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், இலங்கை ஆளுநர்களின் கடிதங்கள் அடங்கிய சிஓ 54 (பிரிட்டிஷ் காலனி அலுவலக ஆவண வரிசை) தொகுதிகளைப் பார்க்கப் போகிறேன். முன்பு வேறொரு காப்பகத்தில் கையில் பிடித்து எடுத்த படங்களில் பாதி கலங்கிவிட்டன. ட்ரைபாட் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். மேசைமேல் ட்ரைபாடை வைத்துக் கேமராவை நேர் கீழே பார்க்க வைப்பதே பெரும்பாடு. கால்களின் நிழல் தாளில் விழும். பல காப்பகங்கள் அதை உள்ளேயே விடுவதில்லை. கியூவில் கேமரா ஸ்டாண்டு உள்ள மேசைகள் உண்டு, படம் எடுக்கக் கட்டணமும் இல்லை. இடம் பதியும்போதே ஸ்டாண்டு கேளுங்கள். ஃப்ளாஷ் கூடாது. போனில் எடுப்பதானால், கால் அங்குலத் திருகு ஏறும் போன் ஹோல்டர் ஒன்றைக் கொண்டுபோங்கள்.

ஸ்டாண்டில் மாட்டியும் படம் கலங்கினால், பெரும்பாலும் காரணம் உங்கள் விரல்தான். பொத்தானை அழுத்தும்போது ஸ்டாண்டின் கை லேசாக அதிரும். 2 விநாடி டைமர் வையுங்கள், அல்லது ரிமோட்டில் எடுங்கள். மேசையில் முழங்கையை ஊன்றாதீர்கள்.

அடுத்தது, கேமரா தாளுக்கு இணையாக இருக்கிறதா என்பது. சாய்ந்திருந்தால் ஒரு மூலை தெளிவாகவும் எதிர்மூலை மங்கலாகவும் வரும். அதையும் ஆட்டம் என்றே நினைத்துவிடுவோம். ஆவணம் வருவதற்கு முன், அது இருக்கப்போகும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியை வைத்துத் திரையைப் பாருங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் தெரிந்தால் சரி. இல்லையென்றால் ஸ்டாண்டின் தலையைத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

ஸ்டாண்டு கிடைக்காவிட்டால், கேமரா வாரைக் கழுத்தில் மாட்டி, அது விறைப்பாகும்வரை கேமராவை முன்னால் தள்ளிப் பிடியுங்கள். முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்கட்டும். மூச்சைப் பாதி விட்டதும் எடுங்கள். ஷட்டர் வேகம் 1/125 விநாடிக்குக் குறையக்கூடாது. அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 1600 வரை போய், படத்தில் புள்ளிகள் தெரிந்தாலும் பரவாயில்லை. புள்ளி புள்ளியாகத் தெரியும் எழுத்தைப் படித்துவிடலாம், இழுபட்ட எழுத்தைப் படிக்கவே முடியாது. ஸ்டாண்டில் இந்தக் கவலை இல்லை, 1/15கூடப் போதும்.

சிஓ 54 தொகுதிகள் தடித்த பைண்டு. நுரைத் தாங்கியில் வைத்து, ஓரத்தில் எடைச்சரம் (தாளை அழுத்திப் பிடிக்கும் கனமான சரம்) போட்டு, முதலில் வலப்பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டே போங்கள், அப்புறம் இடப்பக்கங்கள். தாள் புரளப் புரளத் தொகுதியின் வலப்பாதி தாழும், இடப்பாதி உயரும். அதனால் மேனுவல் ஃபோகஸில் எடுப்பவர்கள் அவ்வப்போது சரிபார்த்தே ஆக வேண்டும். ஒவ்வொரு தொகுதியையும் தொடங்கும்போது அதன் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி முதல் படமாக எடுத்துவிடுங்கள்.

மெகாபிக்சல் பற்றிக் கவலை வேண்டாம். ஃபூல்ஸ்கேப் தாளின் உயரம் சுமார் 13 அங்குலம். 4000 பிக்சல் நீளமுள்ள 12 மெகாபிக்சல் படத்தில் தாளை முழுதாக நிரப்பினால் அங்குலத்துக்கு 300 பிக்சல் கிடைக்கிறது, படிக்கத் தாராளம். ஆனால் முதல் படத்தை எடுத்ததுமே பெரிதாக்கி, மூலையிலுள்ள குட்டி எழுத்து படிக்க வருகிறதா என்று பாருங்கள். தொகுதியைத் திருப்பிக் கொடுத்த பிறகு தெரிந்து பயனில்லை.