டீச்சரைக் கேளுங்கள்: "அப்படின்னா என்ன பண்ணணும்?"

கேள்வி: டீச்சர், எனக்கு 24 வயது. ஊர் குடியாத்தம். அப்பா தறி ஓட்டுகிறார். நான் ராணிப்பேட்டையில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. கூட வேலை செய்பவர்கள் எல்லாம் பெரிய காலேஜில் படித்தவர்கள். அவர்கள் நடுவில் மட்டமாகத் தெரியக்கூடாது என்று தினம் ஐந்து இங்கிலீஷ் வார்த்தை மனப்பாடம் செய்கிறேன். தமிழில் பேசினாலும் 'முன்னெடுப்பு', 'கருத்தியல்' என்றுதான் பேசுகிறேன். போன வாரம் மீட்டிங்கில், "நம்ம டெஸ்பாட்ச்ல ஒரு பாரடைம் ஷிஃப்ட் தேவை" என்றேன். மேனேஜர், "அப்படின்னா என்ன பண்ணணும், சொல்லுப்பா" என்றார். வாய் அடைத்துவிட்டது. இந்தப் பழக்கத்தை விட்டுவிடட்டுமா, இன்னும் நன்றாகப் படித்துக்கொண்டு தொடரட்டுமா?
- பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: தம்பி, உன் மேனேஜர் உன்னை மட்டம் தட்டவில்லை. நீ ஏதோ கண்டுபிடித்திருக்கிறாய் என்று நம்பித்தான் கேட்டிருக்கிறார். 'பாரடைம் ஷிஃப்ட்' என்றால் ஒன்றைப் பார்க்கிற, செய்கிற முறையையே அடியோடு மாற்றுவது. நீயும் எதையோ பார்த்துத்தான் அப்படிப் பேசியிருப்பாய். நாலு மணிக்கே லாரி வந்து நிற்கிறது, பில்லில் கையெழுத்து விழ ஆறு மணி ஆகிறது, மதியமே பில் போட்டால் லாரி காத்திருக்க வேண்டாம். இப்படி ஏதாவது ஒன்று. அதை அப்படியே சொல்லியிருந்தால் அந்த அறையில் எல்லாரும் உன்னைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். உன் யோசனையை அந்தப் பெரிய வார்த்தை மறைத்துவிட்டது. எனக்கு அதுதான் வருத்தம்.

நானும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். அதில் கஷ்டப்பட்டது ஒரு குழந்தை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். கிராமத்துப் பள்ளி. ஆறாம் வகுப்பில் ஒரு பையன் எதையும் எழுதமாட்டான். அவன் அம்மாவை வரச் சொன்னேன். பீடி சுற்றுகிற பெண். வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. எனக்கு அப்போது தமிழ் எம்.ஏ. முடித்த சூடு ஆறவில்லை. "உங்கள் மகனுக்குக் கிரகிப்புத் திறன் குறைவாக உள்ளது. கவனச் சிதறலும் இருக்கிறது" என்றேன். "சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனாள்.

பையன் ஒன்பது நாள் பள்ளிக்கு வரவில்லை. பத்தாம் நாள் வீட்டுக்குப் போனேன். நிலைவாசலில் எலுமிச்சம்பழம். பையன் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, புள்ளைக்கு கிரகம் புடிச்சிருக்குன்னு. கடன் வாங்கி மந்திரிச்சிட்டு வந்தோம்" என்றாள். எனக்கு நிற்க முடியவில்லை; அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். பையனைக் கூப்பிட்டு, "போர்டுல எழுதறது தெரியுதாடா?" என்று கேட்டேன். "மங்கலா கீது டீச்சர்" என்றான். அம்மாவும் சேர்ந்துகொண்டாள்: "ஆமாங்க, புஸ்தகத்தை மூக்காண்ட வெச்சிக்கினுதான் படிக்கிறான்."

ஒரு மூக்குக் கண்ணாடியோடு முடிந்துபோன விஷயம். முதல் நாளே "பையன் போர்டைப் பார்த்து எழுதமாட்டேங்கறாம்மா, வீட்ல எப்படி?" என்று கேட்டிருந்தால் அவளே காரணத்தைச் சொல்லியிருப்பாள். 'எண்பொருள வாகச் செலச்சொல்லி' என்று குறள் 424 தொடங்கும். எளிதாக, எதிரில் இருப்பவர் மனதில் போய்ச் சேரும்படி சொல்வது அறிவு. பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த பாதி, பிறர் பேச்சில் இருக்கும் நுட்பத்தைக் காண்பது. அந்த மூக்காண்ட வைத்த புத்தகம்தான் நுட்பம். நான் பேசிய பேச்சில் அந்தத் தாய்க்கு வாய் திறக்க இடமே இல்லை.

உனக்கு ஆராய்ச்சி வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு. மேல்படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள் எழுதிய கட்டுரைகளில் எளிய சொற்களை எடுத்துவிட்டு நீள நீளமான சொற்களைப் போட்டு மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார். சொல் கடினமாக ஆக, எழுதியவரின் அறிவை அவர்கள் குறைவாகத்தான் எடைபோட்டார்கள்.

அதற்காகக் கடினமான சொல் எல்லாம் தப்பு என்று நினைத்துவிடாதே. என் அப்பா வேலூரில் பத்திர எழுத்தர். 'வில்லங்கம்', 'சுவாதீனம்', 'சர்வ சுதந்திர பாத்தியம்' எல்லாம் அவர் பேனாவில் தினமும் வரும். அந்த இடத்தில் அவை வேண்டும். ஒரு சொல் மாறினால் பிற்பாடு கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும். ஆனால் விற்கிறவர் கைநாட்டு வைக்கும் முன்னால் அப்பா பேனாவை மூடிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, "பெரியவரே, இதுல கைய வெச்சிட்டா அப்புறம் இந்த நெலத்துல உங்களுக்கோ உங்க புள்ளைங்களுக்கோ ஒண்ணும் கெடையாது. தெரிஞ்சிதான் வெக்கிறீங்களா?" என்று கேட்பார். சிலர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, வீட்டில் ஒரு தரம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அப்பாவுக்கு எழுத்துக் கூலி கிடைக்காது. அவர் அதைப் பொருட்படுத்தியதில்லை.

நம் மண்ணிலேயே மு. வரதராசனார் இருந்தார். 1912-இல் திருப்பத்தூரில் பிறந்தவர். வேலம் கிராமத்தில் வளர்ந்தவர். தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்து, பள்ளியில் தமிழாசிரியராகி, கடைசியில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். அவ்வளவு படித்தவர் 1949-இல் திருக்குறளுக்குத் தெளிவுரை எழுதியபோது, ஒரு குறளுக்கு ஒன்றிரண்டு வாக்கியம், அதுவும் பள்ளிப் பிள்ளை படிக்கிற தமிழில் எழுதினார். இன்றைக்கும் எத்தனை வீட்டில் அந்தக் கையடக்கப் புத்தகம் இருக்கிறது, பார்.

ஆக, வார்த்தை கற்பதை விடாதே. ஒரு நாளைக்கு ஐந்து வேண்டாம், வாரத்துக்கு இரண்டு போதும். படிக்கும்போது எங்கெங்கே வருகிறது என்று கவனி. மீட்டிங்கில் சொல்வதற்கு முன், அதையே உன் அப்பாவிடம் தறி பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல முடியுமா என்று பார். முடியவில்லை என்றால் அது இன்னும் உன் வார்த்தை ஆகவில்லை. அப்படியே பாவு என்றால் எது, ஊடை என்றால் எது, நாடா எப்படி ஓடுகிறது என்று அவரைக் கேள். அவர் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டுவார். நாளை திங்கட்கிழமைதானே? மேனேஜரிடம் போய், "சார், அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு இப்ப பதில் சொல்றேன்" என்று ஆரம்பி.

கேள்வி: ஆபீஸில் 'இன்னா', 'கீது' என்று வாய் தவறி வந்துவிட்டால் சிரிக்கிறார்கள். எப்படி மாற்றிக்கொள்வது?
- ஒரு வாசகி, வாணியம்பாடி

பதில்: எதற்கம்மா மாற்ற வேண்டும்? 'இருக்கிறது' என்பதை மற்ற ஊர்க்காரர்கள் 'இருக்கு' என்று சுருக்குகிறார்கள், நாம் 'கீது' என்று சுருக்குகிறோம். அவர்கள் சுருக்கியது அழகு, நாம் சுருக்கியது அசிங்கம் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்கு வகை சொன்ன தொல்காப்பியம், அந்தந்த வட்டாரத்துச் சொல்லுக்குச் செய்யுளிலேயே இடம் கொடுத்தது. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலியிலிருந்து வந்தவரிடம் "அவரை இட்டுனு வாங்க" என்றால் அவர் திகைப்பார். அவருக்காக "கூட்டிட்டு வாங்க" என்று சொல்லுங்கள். அது அவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. உங்கள் பேச்சு மட்டம் என்பதற்காக அல்ல. சிரிக்கிறவர்களிடம், "எங்க ஊர்ல இப்படித்தான்" என்று ஒரு தரம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பேச்சுப் போட்டி. அரங்கம் அதிரும்படி கடினமான சொற்களாக எழுதித் தரச் சொல்கிறாள். தரலாமா?
- ஒரு தாய், ஆற்காடு

பதில்: எழுதித் தராதீர்கள். 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' ஒன்று வாங்கிக் கொடுங்கள். 1992-இல் முதல் பதிப்பு வந்தது. இப்போது விரிவான பதிப்பாகவே கிடைக்கிறது. பொருளோடு, அந்தச் சொல் எப்படி வழங்குகிறது என்று எடுத்துக்காட்டு வாக்கியமும் தருவதால் அதைச் சொல்கிறேன். மகள் ஆசைப்படுகிற சொல்லை அவளே தேடட்டும். அந்த வாக்கியத்தை மூடிவைத்துவிட்டு, உங்கள் வீட்டில் நேற்று நடந்த ஏதாவது ஒன்றை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். சொன்னால் அந்தச் சொல் மேடைக்குப் போகட்டும்.